ஸ்லீவ், பைபாஸ் முடிந்தாயிற்று: இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எடை மளமளவென்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள். ஏற ஆரம்பித்த பிறகு படித்தாலும் பயன் உண்டுதான், ஆனால் அப்போது பாதி நேரம் கவலைப்படுவதிலேயே போய்விடும். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் ஸ்லீவ் செய்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஸ்லீவ் செய்துகொண்டவள், மலேசியாவில், பினாங்கில் பாயான் பாரு பக்கம் இருக்கிறேன், அதனால் உதாரணமெல்லாம் இந்த ஊர்ச் சாப்பாடாகத்தான் இருக்கும். உங்கள் மருத்துவரோ டயட்டீஷியனோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள், உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

1. முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்கை, சிலருக்கு அதற்கும் சற்று மேலாக, வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது, அதனால்தான் முதல் சில மாதங்கள் சாப்பாட்டு நேரம் வந்ததே தெரியாமல் போகிறது. பைபாஸில் வயிற்றின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். சாப்பிட்டது சீக்கிரம் குடலுக்குப் போய்விடுவதால் 'போதும்' என்ற உணர்வும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இந்த அமைதி அப்படியே நீடிக்காது. பெரும்பாலானவர்களுக்கு எடை மிகக் குறைவாக இருப்பது ஆபரேஷன் முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள். அப்புறம் நிற்கும், அதற்கப்புறம் கொஞ்சம் ஏறும். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, நோயாளிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக உடல் எடையில் 32 விழுக்காட்டை இழந்தார்கள், பத்தாவது வருடத்தில் அது 25 விழுக்காடாக இருந்தது. 120 கிலோவில் ஆபரேஷனுக்குப் போன ஒருவரை வைத்துப் பார்த்தால், 82 கிலோ வரைக்கும் இறங்கி, பத்து வருடத்தில் 90 கிலோவில் நிற்கிறார் என்று அர்த்தம். எட்டு கிலோ திரும்பியது, முப்பது கிலோ திரும்பவே இல்லை. அது சராசரிதான், சிலருக்கு ஒன்றுமே ஏறாது, சிலருக்கு நிறைய ஏறும். இருந்தாலும் இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு கிலோ கூடியதும் 'எல்லாம் போச்சு' என்று தலையில் கை வைத்து உட்கார மாட்டீர்கள், ஒரே வருடத்தில் எட்டு கிலோ ஏறினால் 'இதெல்லாம் சகஜம்' என்று சும்மா இருக்கவும் மாட்டீர்கள்.

ஏன் ஏறுகிறது? உடம்பு சிறுத்ததும் அதன் தினச் செலவும் சுருங்குகிறது, பசி மெல்லத் திரும்புகிறது, வயிறும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கப் பழகிக்கொள்கிறது. இதில் மனஉறுதி இல்லாதவர் என்று யாரையும் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. என் கருத்து இதுதான்: பசி அடங்கியிருக்கும் அந்த ஒன்றரை வருடம் எடை குறைவதற்கு மட்டுமான காலம் இல்லை, பழக்கத்தை ஊன்றுவதற்கான காலமும் அதுதான். பசி திரும்பி வரும்போது உங்களைப் பிடித்து நிறுத்தப்போவது அந்தப் பழக்கம்தான், அதற்குள் அது கை பழகியிருக்க வேண்டும்.

2. தராசுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, பசியாறுவதற்கு முன்னால் எடை பாருங்கள். அதைச் சுவரில் மாட்டிய காலண்டரிலேயே எழுதுங்கள், கைத்தொலைபேசியில் எழுதினால் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. தினமும் ஏறி நின்று மனம் நொந்துகொள்ளும் ஆள் என்றால் தினமும் வேண்டாம், உப்பு கூடுதலாகச் சாப்பிட்ட மறுநாளும் மாதவிலக்குக்கு முந்தின நாளும் தராசு சொல்வதை நம்ப முடியாது. உங்கள் மிகக் குறைந்த எடை எதுவோ அதற்கு மேல் மூன்று கிலோ கூடினால் நீங்களே சாப்பாட்டுக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள், ஐந்து கிலோ கூடினால் மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். இந்த மூன்றும் ஐந்தும் நான் வைத்துக்கொண்ட எல்லை, உங்கள் மருத்துவர் வேறு எண் சொன்னால் அதை வையுங்கள். எல்லையென்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. தட்டில் எதை முதலில் தொடுகிறீர்கள்

புரதம் முதலில், காய்கறி அடுத்து, சோறோ ரொட்டியோ கடைசியில், இடம் இருந்தால். எல்லா டயட்டீஷியனும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், பலருக்கு 80 வரை சொல்வார்கள். ஆனால் 60 கிராம் என்றால் நம் சாப்பாட்டில் எவ்வளவு என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, சமைத்தது, 100 கிராமில் ஏறக்குறைய 30. மீன் 100 கிராமில் 20 சொச்சம், கெம்போங் மீனும் டின் சார்டினும் இந்தக் கணக்கில்தான் வரும், விலையும் தாங்கும். தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயா, 100 கிராமில் 19 வரை. கெட்டியாக வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம்தான், சாம்பார் என்று தண்ணீராக ஊற்றிக்கொள்வதில் அதைவிட ரொம்பக் குறைவு, சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

வெளியே சாப்பிடாமல் பினாங்கில் வாழ முடியாது, முடியும் என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. அதனால் நாசி கண்டார் கடையில் எப்படி ஆர்டர் செய்வது என்று சொல்கிறேன். அங்கே சிக்கல் கோழியிலோ மீனிலோ இல்லை. தட்டில் முதலில் ஒரு மலை சோறு விழுகிறது, அதன் மேல் நாலு குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றுகிறார்கள், அந்தக் குழம்பு எண்ணெயும் தேங்காய்ப்பாலுமாக மிருதுவாக இருப்பதால் சோறு மெல்லாமலே இறங்கிவிடுகிறது. வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள், கண்ணாடிக்கு முன்னால் போய் யோசித்தால் பொரித்த கோழி ஜெயிக்கும். கடைக்காரர் தமிழ் பேசுபவராக இருப்பார், நேராகவே சொல்லுங்கள் (லாவுக் என்றால் தொட்டுக்கொள்ளும் கறிவகை): 'அண்ணே, சோறு வேணாம், லாவுக் மட்டும். மீன் ஒரு துண்டு, வெண்டிக்காய் ரெண்டு, அவிச்ச முட்டை ஒண்ணு, குழம்பு ஒரு கரண்டி தனியா.' முதல் தடவை 'சோறு இல்லாமலா?' என்று ஏற இறங்கப் பார்ப்பார். நாலாவது தடவை நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே கிண்ணத்தை எடுப்பார். சோறு இல்லாமல் ஒரு வாய்கூட இறங்காது என்றால் ஒரு சூப் கரண்டி அளவு கேளுங்கள், ஆனால் மீனும் முட்டையும் முடிந்த பிறகு அதைத் தொடுங்கள்.

ஒரு வேளைக்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம். சின்னச் சின்ன வாய், நன்றாக மென்று. மூக்கு ஒழுகுவது, விக்கல், நெஞ்சுக்கு நடுவில் ஒரு அழுத்தம், இவற்றில் ஏதோ ஒன்று பலருக்கு 'நிறுத்து' என்ற அறிகுறியாக வரும். உங்களுக்கு எது வருகிறது என்று முதல் வருடத்திலேயே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. குடிப்பதும் ஒரு சாப்பாடுதான்

எடை திரும்ப ஏறிய கதைகளைக் கேட்டுப் பாருங்கள், யாரும் ஒரே உட்காரலில் மூன்று தட்டு நாசி கண்டார் சாப்பிட்டு ஏறவில்லை, அது முடியவும் முடியாது. தே தாரேக் என்ற டின் பால் தேநீர், மைலோ ஐஸ், பண்டோங் என்ற ரோஸ் பால், தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட், இப்படி வழுக்கிக்கொண்டு போகும் சங்கதிகளால்தான் ஏறியிருக்கும். ஆபரேஷன் கெட்டியான சாப்பாட்டைத் தடுக்கும். திரவத்தையும், வாயில் கரைந்துபோகும் பண்டத்தையும் தடுக்காது. சுண்டல் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு நிறைகிறது, அதே கலோரிக்குத் தே தாரேக் குடித்தால் அரை மணியில் மறுபடி எதையாவது தேடுகிறோம்.

மாமாக் கடையில் 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போதாது. தே தாரேக்கில் இனிப்பு வருவது டின் பாலிலிருந்து, அதைக் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான். 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். பால் இல்லாமல் முடியாது என்றால் 'தே சி கோசோங்', அதில் இனிப்பில்லாத டின் பால். முதல் வாரம் கசக்கும், பழகிவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சோயா பால் வாங்கினாலும் சர்க்கரைப் பாகு ஊற்றுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது, இந்த ஊர் வெயிலுக்கு அதற்கு மேலேயே வேண்டியிருக்கும். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். உட்கார்ந்ததும் 'அயேர் அப்பா?' (குடிக்க என்ன?) என்று கேட்பது கடைக்காரர் வழக்கம், ஆர்டர் கொடுக்காமல் இருப்பது நமக்குக் கூச்சம். 'அப்புறம்' என்று சொல்லுங்கள், சாப்பிட்டு முடித்துக் கையில் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு பானம் இன்னொரு தொல்லை தரும். குடித்த கொஞ்ச நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, சில சமயம் வயிற்றுப்போக்கு. இன்னும் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கும். அப்போது இன்னொரு மிட்டாயை வாயில் போட்டால் தற்காலிகமாகச் சரியாகும், மறுபடி அதே சுற்று. அடிக்கடி வருகிறதென்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

5. பண்டிகையும் விரதமும்

நம்மவர்களுக்கு என்று யாரும் தனியாகச் சொல்லித் தராத பகுதி இது. புரட்டாசி முழுவதும் சைவம், தைப்பூசத்துக்கு முன்னால் விரதம், வெள்ளிக்கிழமை சைவம், இவை வரும்போது புரதம் சட்டென்று விழுந்துவிடுகிறது. மீனும் கோழியும் முட்டையும் போன இடத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டலும் அப்பளமும் இரண்டு கரண்டி கூடுதல் சோறும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு மாதம் இப்படிப் போனால் தசை குறையும், பசி கூடும், முடி கொட்டுவதும் சிலருக்குத் திரும்ப ஆரம்பிக்கும். சைவம் இருங்கள், ஆனால் தெம்பே, கெட்டி தோஃபு, தயிர், கொண்டைக்கடலை இவற்றில் குறைந்தது இரண்டு ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். தெம்பேயைச் சின்னத் துண்டாக வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, கறிவேப்பிலையோடு தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் வாட்டினால் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். தேவைப்பட்டால் புரதப் பொடியும் எடுத்துக்கொள்ளலாம், விரதத்துக்கு ஒத்துவருமா என்று டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கும் விரதத்தை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்து ஈடுகட்டும் வயிறு இப்போது உங்களிடம் இல்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், ஒவ்வொன்றிலும் சிவப்புச் சர்பத்தும் ஒரு பொட்டலமும் கையில் திணிப்பார்கள். அன்போடு கொடுப்பதை மறுப்பது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். வாங்கிக்கொண்டு பக்கத்தில் வரும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் கையில் ஏற்கெனவே ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நடங்கள். கையில் போத்தல் இருப்பவரை யாரும் அவ்வளவாக வற்புறுத்துவதில்லை.

தீபாவளி ஒரு நாள் விஷயமே இல்லை. அன்றைக்கு இரண்டு முறுக்கு கூடுதலாகச் சாப்பிட்டதால் யாருக்கும் எடை ஏறாது. அதற்கப்புறம் மூன்று வாரம் வரவேற்பறை மேசையில் வரிசையாக நிற்கிறதே பிஸ்கட் போத்தல்கள், போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று கை தானாகப் போகிறதே, ஏறுவது அங்கேதான். விருந்தாளி வரும்போது மட்டும் எடுத்து வையுங்கள், மற்ற நேரம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும், இரண்டாவது வாரம் மிச்சத்தைக் கட்டி வேலையிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

6. மாத்திரை ஆயுளுக்கும்

எடையோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். ரத்தசோகையோடு யாரும் நடைப்பயிற்சிக்குப் போக மாட்டார்கள், போனாலும் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பல்சத்து (மல்டிவைட்டமின்) மாத்திரை, பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம், இதுதான் வழக்கமான பட்டியல். அளவு ஆளுக்கு ஆள் மாறும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்வார்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 இன்னும் குறையலாம், அதைத் தனியாகக் கேளுங்கள்.

இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு போட்டாலும் பாதி வீண்தான். நான் கால்சியத்தைச் சாப்பாட்டு நேரத்தோடும், இரும்பைப் படுக்கும் முன்பும் வைத்துக்கொண்டிருக்கிறேன், மறப்பதில்லை. முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. எடை நன்றாக இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் வருடம் பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் சேமித்திருந்த பி12 தீர்வதற்கே சில வருடங்கள் பிடிக்கும் என்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும்.

இடையில் ஒன்று, எடையைவிட அவசரமானது: இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி, எதுவும் தங்கவில்லை என்றால் வீட்டில் கஞ்சி வைத்துப் பார்க்காதீர்கள். பி1 சத்து வேகமாகத் தீர்ந்து மூளையைத் தாக்கும் ஆபத்து உண்டு. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், போய் 'எனக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

7. தசையைக் காப்பாற்றுங்கள்

வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தசை சக்தியைச் செலவழிக்கிறது, அது குறைந்தால் முன்பு சாப்பிட்ட அளவே இப்போது மிஞ்சும். வாரத்துக்கு 150 நிமிடம் நடை என்பது தொடக்கம், எடையைப் பிடித்துவைக்க 300 நிமிடம் வரை போனால் நல்லது. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

ஜிம்முக்குக் காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை இரண்டு கையிலும் தூக்குவது, ரப்பர் பட்டை, இதிலேயே ஆறு மாதம் ஓட்டலாம். நடப்பதற்குக் காலையில் பொட்டானிக்கல் கார்டனோ யூத் பார்க்கோ நல்லது, கார்டனில் குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். சாயங்காலம் கடற்காற்று வேண்டுமென்றால் கர்ப்பால் சிங் டிரைவ். மழைக்காலத்தில் குவீன்ஸ்பே மாலுக்குள் இரண்டு சுற்று நடக்கலாம், ஆனால் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தளத்தைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகள் அருமையான பயிற்சி, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் இறங்கும்போது கைப்பிடியை விடக் கூடாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போகிறவர்களுக்கு இது எல்லாமே இரட்டிப்புச் சிரமம். தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது, அதிலும் இனிப்பும் எண்ணெயும்தான் கேட்கிறது. இரவு ஷிப்டென்றால் கிளம்பும் முன் ஒழுங்கான சாப்பாடு ஒன்று, நள்ளிரவு இடைவேளைக்கு வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டையோ ஒரு டப்பா சார்டின் பிரட்டலோ, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ரொட்டி சானாய்க் கடை திறந்திருக்கும், கல்லில் தட்டும் சத்தம் தெரு முனைவரை கேட்கும். ஒரு ரொட்டியே ஏறக்குறைய 300 கலோரி, அதைச் சாப்பிட்டு நேராகப் படுக்கைக்குத்தான் போகப்போகிறீர்கள். முடிந்தால் வேறு பாதையில் வாருங்கள்.

8. மது, வலி மாத்திரை, புகை

பைபாஸ் செய்தவர்களுக்கு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், ஸ்லீவ் செய்தவர்களும் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் சாதாரணமாகக் குடித்தவர்களில் சிலர் இரண்டாம் வருடத்துக்குப் பிறகு குடியில் சிக்கிக்கொள்வதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனதும் மனம் வேறொன்றைத் தேடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். கல்யாண விருந்தில் 'ஒரு கிளாஸ்தானே மச்சான்' என்பவர் உங்கள் காரை ஓட்டப்போவதில்லை. மலேசியாவில் 2020இல் ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மது அளவை 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்துவிட்டார்கள், இப்போதைய உங்கள் உடம்புக்கு அந்த அளவைத் தொட அதிகம் வேண்டாம்.

பல்வலிக்கும் முதுகுவலிக்கும் கிளினிக்கில் பொன்ஸ்டான், வோல்டரன் என்று எழுதிக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த வகை மாத்திரை இணைப்புப் பகுதியில் புண்ணை உண்டாக்கும், புகை பிடிப்பதும் அதேதான் செய்யும். பாராசிட்டமால் கேளுங்கள், அதற்கு அடங்காத வலி என்றால் உங்கள் அறுவை மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

9. சொந்தக்காரர்களுக்குப் பதில்

எடை குறைந்தால் 'என்னம்மா இப்படி வத்திப் போயிட்ட, சுகர் ஏதும் வந்துடுச்சா' என்பார்கள். ஏறினால் 'ஆபரேஷன் பண்ணியும் இப்படியா' என்பார்கள். ஆபரேஷன் செய்ததை எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை, வயிற்றில் ஒரு வைத்தியம் செய்தேன், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றால் பொய்யும் இல்லை, பேச்சும் முடிந்துவிடும். வாழை இலையில் பரிமாறும்போது வாயால் மறுப்பதைவிட இலைக்கு மேல் கையை விரித்துக் காட்டுவது வேகமாக வேலை செய்யும். பெரியம்மா கரண்டியோடு நிற்கிறாரா, காய்கறியை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்குங்கள், அவருக்கும் மனம் நிறைந்துவிடும்.

வீட்டில் சமைப்பவர் வேறு ஆளாக இருந்தால் அவரை முதல் வருடமே டயட்டீஷியனிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வாயிலிருந்து நூறு முறை கேட்டும் நம்பாத மாமியார், வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒரு முறை சொன்னால் நம்பிவிடுவார்.

10. ஏறிவிட்டால் என்ன செய்வது

முதலில், போவதற்கு வெட்கப்படாதீர்கள். ஐந்து கிலோ ஏறும்போது போகிறவரை மறுபடி இறக்குவது இருபது கிலோ ஏறிய பிறகு வருபவரை இறக்குவதைவிட எளிது, மருத்துவர்களுக்கும் இது தெரியும், திட்ட மாட்டார்கள். திட்டுபவராக இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம் வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள், நேரத்தோடு, குடித்ததையும் சேர்த்து, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்றதையும் சேர்த்து. கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, ஆபரேஷன் குறிப்பு, நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரையின் பெயர், இவற்றைக் கொண்டுபோங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை, மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இரவில் எழுந்து சாப்பிடுவது, சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் போவது, அழுகை வரும்போது சாப்பிடுவது, இதெல்லாம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கு உளவியல் நிபுணர் உதவி தனியாக உண்டு.

உடம்புக்குள் ஏதாவது மாறியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியோ, மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ எடுத்துப் பார்ப்பார்கள். வயிறோ பையோ விரிந்திருக்கலாம், பைபாஸில் இணைப்புத் துளை அகன்றிருக்கலாம். பழக்கத்தைச் சரிசெய்தும் எடை நகரவில்லை என்றால் வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைட் போன்ற ஊசிகளை இப்போது ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள், நிறுத்தினால் பசி திரும்பும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, எத்தனை காலத்துக்கு, மாதம் எவ்வளவு செலவு என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் ஊசியை வாங்கிப் போடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

இரண்டாவது ஆபரேஷன் கடைசி வழி. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது இதில் வழக்கமான ஒன்று, கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு எடைக்காக இல்லாவிட்டாலும் அதைச் செய்வார்கள். முதல் ஆபரேஷனைவிட இதில் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதல், பெரும்பாலும் முதல் தடவை இறங்கிய அளவுக்கு எடையும் இறங்காது. அதனால் இந்த மாதிரி மறு ஆபரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எனக்கு எத்தனை கிலோ இறங்கும் என்று எதிர்பார்க்கலாம், சிக்கல் வந்தால் எந்த ஆஸ்பத்திரியில் பார்ப்பீர்கள் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.